எடுத்த சாதனம்

குன்னத்துகால் கனகதாஸிடம் வண்டியைக் கொண்டு விட்டால் முதல் அரை மணி நேரம் பானெட் திறக்காது. அவர் வாய்தான் திறக்கும். டிரைவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே பழைய டயர் மேல் தான் உட்கார்ந்து ஆரம்பிப்பார். எப்பவாக்கும் நிக்குது, ஏத்தத்திலயா எறக்கத்திலயா, லோடு உண்டா வெறும் வண்டியா, நிக்கதுக்கு முன்ன இருமுமா இல்ல சொல்லாமக் கொள்ளாம அணையுமா, மழை உண்டா, பாட்டு போட்டிருந்தியா, பக்கத்துல யாரு இருந்தா. கடைசிக் கேள்விக்குப் பலரும் முழிப்பார்கள். அவசரக்காரர்கள் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். வண்டி காட்டப் போனால் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற மனுசன் என்று பாறசாலை வரைக்கும் அவருக்குப் பெயர்.

ஆனால் சில வண்டிகள் உண்டு. நாலு மாசம், ஐந்து மாசம் ஒரே தகராறோடு ஊரெல்லாம் சுற்றும். பம்பை மாற்றியிருப்பார்கள், பேட்டரியை மாற்றியிருப்பார்கள், டிரைவரைக்கூட மாற்றியிருப்பார்கள். தகராறு மட்டும் மாறியிருக்காது. கடைசியில் அந்த வண்டிகள் இங்கேதான் வந்து சேரும். பெரும்பாலும் பிக்கப் வண்டிகள். வாழைக்குலை, ரப்பர் ஷீட், செங்கல், மீன் என்று கிடைத்ததை ஏற்றி, ஏற்றக் கூடாத அளவுக்கு ஏற்றி ஓடுகிறவை. அவற்றின் சங்கடங்களைக் கேட்க அவருக்குப் பொறுமை இருந்தது. மனிதர்களுடைய சங்கடங்களுக்கு அவ்வளவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

கனகதாஸுக்கு ஐம்பத்தாறு வயது. அப்பா ரப்பர் வெட்டுகாரர். விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடக்கிற வேலை மகனுக்கு ஆகாது என்பது பத்து வயதிலேயே வீட்டில் தெரிந்துவிட்டது. பையன் தூக்கப் பிரியன். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தார். பிறகு ஷார்ஜாவில் காய்கறி ஏற்றுகிற கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷம். அங்கே அறுபது பிக்கப் வண்டிகள். வெட்டவெளியில் நின்ற வண்டியின் பானெட்டைக் கோடையில் தொட்டால் கை வெந்துபோகும். எதைத் திறக்க வேண்டும் என்று தெரியாமல் எதையும் திறக்கக் கூடாது என்பதை அவர் உள்ளங்கை அங்கேதான் கற்றுக்கொண்டது. கேள்வி கேட்கிற பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது கொப்புளம்.

ஊருக்குத் திரும்பிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. ரோட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மலையாளத்திலும் தமிழிலும் ‘ஜின்சி ஆட்டோ ஒர்க்ஸ்’ என்று போர்டு. ஜின்சி அவருடைய ஒரே மகள். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய்விட்டாள். போர்டுக்கு மட்டும் வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிறார். ஷெட்டுக்குப் பின்னால் வீடு. வீட்டில் மனைவி புஷ்பபாய்.

அவர் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. புஷ்பபாய் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெள்ளை எனாமல் பேசின் ஒன்று, நீலக் கரை போட்டது, ஷெட்டில் கிடக்கும். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் அதை அந்தப் பேசினில் போட்டு சொந்தக்காரர் முன்னால் வைப்பார். “இதாக்கும் எடுத்த சாதனம். பாத்துக்க,” என்பார். சாதனம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பொருள். தேய்ந்த பேரிங்கோ, கிழிந்த ரப்பரோ, அடைத்துக்கொண்ட ஃபில்டரோ, எதுவானாலும் பார்த்தாக வேண்டும். பார்க்காதவனுக்குச் சாவி கிடையாது. ஷெட் திறந்த புதிதில் ஒருத்தன், நல்ல பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார் என்று ஜங்ஷனில் நின்று சத்தம் போட்டான். அன்றைக்குப் பிறகு வந்த பிடிவாதம் இது. பிடிவாதம் நாளாவட்டத்தில் கௌரவமாகிவிட்டது.

பத்ரோஸின் வண்டி முதல் தடவை ஷெட்டுக்கு வந்தது ஜூன் மாச மழை தொடங்கிய வாரத்தில். வந்தது என்று சொல்வதைவிட, எதிரே உள்ள ஏற்றத்தில் நின்றுபோய்ப் பின்பக்கமாக உருண்டு ஷெட் வாசலில் சேர்ந்தது என்று சொல்லலாம். பதினைந்து வருஷம் ஓடிய பிக்கப். பெட்டி பெட்டியாக மீன். பின்கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கிய ஆளுக்கு நாற்பது, நாற்பத்தொன்று வயது இருக்கும். தோள்கள் கடலில் வேலை செய்தவன் தோள்கள். ஸ்டியரிங் பிடிப்பதற்கு அவ்வளவு தோள் தேவையில்லை.

“கொஞ்சம் நின்னா தானே ஸ்டார்ட் ஆவும் ஆசானே. எப்பவும் அப்படியாக்கும்,” என்றான். சொன்னபடியே கால் மணி நேரத்தில் சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடியது.

கனகதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பத்ரோஸ், கோட்டுகால் கடற்கரை. விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றி நெய்யாற்றின்கரை, குன்னத்துகால், ஆரியங்கோடு என்று உள்நாட்டுச் சந்தைகளுக்கு ஓடுகிறான். வண்டி வாங்கி ஏழு மாசம். முதலில் மாசம் ஒரு தடவை நின்றது. இப்போது ரெண்டு மாசமாக வாரத்துக்கு ரெண்டு. லோடு உண்டானால் நிக்கும், ஏத்தத்தில் நிக்கும், டேங்க் நிறைந்திருந்தால் நிக்காது.

“வண்டி வாங்கின பிறகு வல்லதும் மாத்தினியா? புதுசா எதாவது வச்சியா?”

“ஒண்ணும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோய் வெஞ்சரிச்சு எடுத்தோம், அவ்வளவுதான்.”

பள்ளி என்றால் அவர்களுக்கு மாதா கோயில். வெஞ்சரிப்பு என்றால் சாமியார் ஜெபம் சொல்லி, புனிதத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிப்பது. வீடோ வள்ளமோ வலையோ, கடற்கரையில் வெஞ்சரிக்காமல் எதையும் தொடமாட்டார்கள். கனகதாஸ் பழைய மிஷன் சபைக்காரர். அவர்கள் சபையில் போதகர் வந்து ஒரு ஜெபம் பண்ணுவார். தண்ணியும் கிடையாது, வேறொன்றும் கிடையாது. அந்தப் பக்கத்துச் சடங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதையும் மரியாதைக் குறைவாக நினைக்கிற தலைமுறை அவர்.

“கோயில் காரியம் கிடக்கட்டு,” என்று கையை ஆட்டினார். “டீசல் எங்க அடிக்கிய?”

ஐம்பது கேள்வி கேட்கிற மனுசன் அந்த ஒரு பதிலைத் தாண்டிப் போனார். அதற்கு இரண்டு மாசம் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

டீசல், களியக்காவிளைக்கு அப்புறம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், லிட்டருக்கு நாலு காசு குறைவு என்று இந்தப் பக்கத்து வண்டியெல்லாம் அங்கே போய்த்தான் நிரப்பும். வண்டி மக்கர் பண்ணினால் பழியும் அந்த டீசல் மேல்தான் விழும். கனகதாஸும் அப்படித்தான் நினைத்தார். ஃபில்டரைக் கழற்றினார். அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நின்றது. பேசினில் வைத்துக் காட்டினார். புது ஃபில்டர் போட்டுக்கொண்டு பத்ரோஸ் போனான்.

பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தான். அதே தகராறு. இந்தத் தடவை டீசல் வரும் ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு கண்டுபிடித்தார். காற்று உறிஞ்சுகிறது, அதுதான் என்றார். மாற்றினார், காட்டினார். பதினைந்து நாள் கழித்து மூன்றாம் தடவை. டேங்க் மூடியில் காற்றுப் போகிற துளை உப்பும் செதிலும் சேர்ந்து அடைத்திருந்தது. குத்தி எடுத்து, ஒரு சிட்டிகை அழுக்கைப் பேசினில் தட்டிக் காட்டினார். பத்ரோஸ் மூன்று தடவையும் குனிந்து மரியாதையாகப் பார்த்தான்.

மூன்றும் பொய்யில்லை. தண்ணீர் இருந்தது, வெடிப்பு இருந்தது, அடைப்பும் இருந்தது. பழைய வண்டியில் எங்கே தேடினாலும் ஏதாவது ஒரு குறை கிடைக்கும். தேடுகிறவன் ஏமாந்துபோவதே அதனால்தான். கனகதாஸுக்கு இது தெரியாதா என்ன, தெரியும். டேங்கை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் ஐஸ் தண்ணீர் விழுந்து விழுந்து டேங்கைத் தாங்குகிற பட்டையும் போல்ட்டும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. தொட்டால் ஒடியும். தவிர டேங்க் வாய்க்குப் பூட்டு உண்டு, சாவி பத்ரோஸின் இடுப்பில் தொங்குகிறது. உள்ளே எது போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சோம்பலுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

“ஒரு வண்டி மூணு மட்டம் திரும்பி வந்தாச்சே. சாட்சி விசாரணை இன்னும் தீரல்லியா?” என்று புஷ்பபாய் சோறு பரிமாறும்போது கேட்டாள். மீன் குழம்பு அன்றைக்கு அவருக்கு இறங்கவில்லை.

நாலாம் தடவை பத்ரோஸோடு அவன் மனைவியும் இறங்கினாள். எமில்டா என்று பெயர். ஒல்லியான பெண், குடையை மடக்காமலேயே ஷெட்டுக்குள் வந்துவிட்டாள். முந்தின நாள் ஆரியங்கோட்டு ஏற்றத்தில் வண்டி ஒரு மணி நேரம் கிளம்பவில்லை. சந்தை கலைந்த பிறகு போய்ச் சேர்ந்து, பாதி மீனைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

“இது கடைசி மட்டமாக்கும் ஆசானே,” என்றான் பத்ரோஸ். குரலில் கோபம் இல்லை. “சனிக்கிழமை பாறசாலையிலேருந்து ஒரு ஆள் வண்டிய எடுக்க வாறான். சித்தப்பா மவனுக்க வள்ளத்துல ஒரு ஆளுக்கு எடம் உண்டு. கர்க்கடக மாசம் கழிஞ்சா நான் கடல்பணிக்குப் போறேன்.”

சொல்லிவிட்டுச் சாயா குடிக்க எதிர்க் கடைக்குப் போனான். எமில்டா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று கனகதாஸுக்குப் பயமாக இருந்தது. அவள் அழவில்லை.

“அண்ணா, அந்தப் புயல் வந்த வருசம் இவரு ரெண்டு ராத்திரி கடல் வெள்ளத்துல கிடந்து வந்தது. இவருக்க தம்பி வரல்ல. வள்ளத்த விக்க வைக்க எனக்கு இத்தற வருசம் ஆச்சு. கரையில பிழைப்போம்னு சொல்லி நானாக்கும் இந்த வண்டிய வாங்க வச்சது.” நிறுத்தி, வண்டியைப் பார்த்தாள். “இது நல்லபடியா ஓடல்லேன்னா அவரு திரும்பவும் கடல்ல இறங்கும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணா.”

மனிதர்களுக்கு ஆறுதல் சொல்லி கனகதாஸுக்குப் பழக்கமில்லை. “இண்ணைக்கு இது என்னாண்ணு பாத்துருவோம்,” என்றார். அதையும் எமில்டாவைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, அதை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றால் கேனை நேரே பம்புக்கு இணைத்தார். மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். பத்ரோஸ் ஓட்ட, பக்கத்தில் இவர் உட்கார்ந்துகொண்டார். ஆரியங்கோட்டு ஏற்றத்தை மூன்று தடவை ஏறினார்கள். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அப்படியானால் எஞ்சினிலும் பம்பிலும் குற்றமில்லை. கேனை அவிழ்த்துவிட்டு அதே பிளாஸ்டிக் குழாயை டேங்கிலிருந்து வரும் குழாயோடு சேர்த்தார். இரண்டாம் ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. கனகதாஸ் இறங்கிப் பார்த்தார். குழாயில் டீசல் இல்லை. டேங்குப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஓங்கி ஊதினார். முதலில் காற்றுப் போகவில்லை. பிறகு ஏதோ விலகினதுபோல உள்ளே கொளகொளவென்று சத்தம் கேட்டது. திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி உடனே கிளம்பியது.

வாயைத் துடைத்துக்கொண்டு, “டேங்குக்குள்ள ஆள் உண்டு,” என்றார்.

டேங்கை இறக்க மறுநாள் மத்தியானம் வரை ஆனது. ஆறு போல்ட்டில் நாலு ஒடிந்தது. பத்ரோஸும் சேர்ந்து சுத்தியல் பிடித்தான். எமில்டா அன்றைக்கும் வந்திருந்தாள். வரவேண்டாம் என்று அவன் சொல்லியும் வந்திருந்தாள். டீசலை வடித்து முடித்ததும் பத்ரோஸுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனான். கனகதாஸ் கம்பி நுனியை வளைத்து டேங்குக்குள் விட்டுத் துழாவினார். உள்ளே டீசல் உறிஞ்சுகிற குழாயின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. மெதுவாக இழுத்தார்.

ஒரு தவிட்டு நிறக் கயிறு வந்தது. கயிற்றோடு தபால்தலை அளவில் கம்பளித்துணி ஒன்று. இன்னும் இழுத்தார். அதோடு முடிச்சு விழுந்து இன்னொரு கயிறு, இன்னும் துணிகள். அவர் கத்தோலிக்கர் இல்லையென்றாலும் இது தெரியாதவர் இல்லை. அந்த மக்கள் கழுத்தில் போடுகிற உத்தரியம்; கடற்கரையில் வெந்திங்ஙா என்பார்கள். ஒரு துணியில் மாதா படம் பாதி அழிந்து தெரிந்தது. உறிஞ்சும்போது துணி போய்க் குழாய் வாயை அடைத்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விட்டுத் துணி விலகியிருக்கிறது. கால் மணி நேரத்தில் வண்டி தானே குணமானது அப்படித்தான். டேங்க் நிறைந்திருந்தபோது துணி குழாய்க்கு எட்டாமல் எங்கோ மிதந்திருக்கிறது.

அவர் தலை நிமிர்ந்தபோது எமில்டா எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கேள்வி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

“புதுசா வள்ளம் பணியும்போ முன்பக்கத்து அணியத்துப் பலகைக்கு அடியில வெஞ்சரிச்ச காசு ஒண்ணு வைப்போம் அண்ணா,” என்றாள். “பிறகு அத ஆரும் தொடப்பிடாது. கை எட்டாத எடத்துல இருக்கணும். வண்டியில அப்பிடி எங்க எடம் உண்டு? முன்ன வச்சா கழுவும்போ எடுப்பாங்க, சீட்டுக்கு அடியில வச்சா போவும். டேங்குக்க மத்தச் சாவி வீட்டுல ஆணியில கிடந்தது. வெஞ்சரிச்ச அண்ணைக்கே போட்டேன்.”

“ரெண்டு உண்டே.”

“வண்டி நிக்கத் தொடங்கிச்சுல்லா. ஒண்ணு போதாதுன்னு நெனச்சு, ஈஸ்டர் கழிஞ்சு இன்னொண்ணும் போட்டேன்.”

மாசம் ஒரு தடவை நின்ற வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கத் தொடங்கியது அப்போதுதான். கனகதாஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு சிரிப்பு தானே போய்விட்டது. இந்தப் பெண் புருஷனைக் கரையில் நிறுத்த டேங்குக்குள் போட்ட சாதனம், அவனை ஒவ்வொரு தடவையும் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

“அவருகிட்ட சொல்லாதீங்க அண்ணா.”

ரோட்டில் பத்ரோஸ் பேசி முடித்துவிட்டுத் திரும்பினான். கனகதாஸ் இரண்டையும் கொஞ்சம் வேஸ்ட் துணியில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். டேங்கின் அடியிலிருந்து ஒரு கை சகதியை வழித்துப் பேசினில் வைத்தார். பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பேசினில் அவர் வைத்த முதல் பொய் அது.

“இதாக்கும் எடுத்த சாதனம். அடியில கிடந்த சகதி. ஏத்தத்துல போவும்போ போய் அடைச்சிருக்கு.”

பத்ரோஸ் குனிந்தான். இந்தத் தடவை பார்த்ததோடு விடவில்லை. சகதியை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தான். வள்ளத்து எஞ்சினை இருபது வருஷம் நடுக்கடலில் கழற்றி மாட்டிய விரல்கள்.

“இது எல்லா டேங்கிலும் உண்டு ஆசானே. ஊதினா விலகி, பிறகும் அதே எடத்துல வந்து ஒட்டுத சாதனம் இது இல்ல.” விரலைத் துடைத்துக்கொண்டான். “மூணு மட்டம் சாதனம் காட்டினீரு. மூணும் அது இல்ல. இதும் அது இல்ல. உங்க மேல குத்தம் சொல்லல்ல. சனிக்கிழமை அவன் வரட்டு, கொடுத்துருவோம்.”

ஓராயிரம் தடவை மற்றவர்களை உட்காரவைத்து உண்மையைப் பிடுங்கிய கனகதாஸ் இப்போது அதை மறைத்துக்கொண்டு நின்றார். சகதிதான் என்று சாதித்தால் இவன் நம்பமாட்டான், வண்டியை விற்பான், கடலுக்குப் போவான். நம்பவைக்கக்கூடிய ஒரே சாதனம் அவர் பையில் இருக்கிறது. டீசல் ஊறிச் சட்டைப் பையில் கறை பரவிக்கொண்டிருந்தது. நெஞ்சில் குளிர்ந்தது. அதை எமில்டாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நேரே வந்து அவர் முன்னால் கை நீட்டினாள்.

“தாங்க அண்ணா.”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் சுருட்டைப் பிரித்து, சகதிக்கு மேலே இரண்டையும் வைத்து, பேசினைப் புருஷன் பக்கம் நகர்த்தினாள்.

“இதாக்கும் எடுத்த சாதனம். நான் போட்டது.”

ஷெட் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பத்ரோஸ் ஒன்றை எடுத்துப் பிழிந்தான். டீசல் சொட்டியது. மாதா படத்தைக் கட்டை விரலால் துடைத்துப் பார்த்தான். பிறகு மற்றதை எடுத்தான்.

“ரெண்டா?” என்றான்.

எமில்டா தலையாட்டினாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. பத்ரோஸின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதாவதா என்று கனகதாஸால் சொல்ல முடியவில்லை. “எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா எமில்டா?”

“சொன்னா நீங்க எடுத்திருவிய.”

பத்ரோஸ் கனகதாஸிடம் திரும்பினான். “இது போனா இனி நிக்காதா?”

“நிக்காது.”

“உறப்பா?”

“உறப்பு,” என்றார் கனகதாஸ். நாலு தடவையில் அவருக்கே நம்பிக்கையாக வந்த முதல் வார்த்தை அது.

பத்ரோஸ் போனை எடுத்தான். பாறசாலை ஆளிடம், “சனிக்கிழமை வரண்டாம்,” என்றான். காரணம் கேட்டிருப்பான் போல. “குடுக்கல்ல, அவ்வளவுதான்,” என்று வைத்தான். இன்னொரு நம்பரைத் தட்டிச் சித்தப்பா மகனிடம் வள்ளத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னான். அதற்குள் எமில்டா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. அது சந்தோஷத்தில் வந்த அழுகை என்று இரண்டு ஆண்களுக்கும் தெரிந்திருந்தது.

டேங்கைத் துடைத்து, புது போல்ட் போட்டு மாட்டச் சாயங்காலம் நாலு மணி ஆனது. எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கிற நேரத்திலும் பத்ரோஸ் அந்த இரண்டு உத்தரியத்தையும் கையிலேயே வைத்திருந்தான். தூக்கிப் போடவும் மனசில்லை, பையில் வைக்கவும் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“இஞ்ச தா,” என்றார் கனகதாஸ்.

அலமாரியில் தேடிப் பேரிங் வந்த தகர டப்பா ஒன்றை எடுத்தார். மழைத்தண்ணீரில் துணிகளை அலசி, பிழிந்து, மடித்து டப்பாவில் வைத்து மூடினார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்து போனார். கேபினுக்குப் பின்னால் சேஸியின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற இரும்புச் சட்டம் உள்ளே வெறும் கூடாக இருக்கும். அதன் துளை வழியாக டப்பாவை ஆழத்துக்குத் தள்ளினார். ஒரு தகட்டை வைத்துத் துளையை மூடி, நாலு ரிவிட் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் எமில்டா கண்ணைச் சிமிட்டினாள்.

முதுகில் சேறோடு வெளியே வந்தார். “எத்தற மெக்கானிக் வந்து கழத்தினாலும் இந்த எடத்துல கை எட்டாது,” என்றார். “எனக்கும் எட்டாது.”

எமில்டா கும்பிட்டாள். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சுத்தியலைத் தேடுகிற பாவனையில் திரும்பிக்கொண்டார். வண்டி எதிர் ஏற்றத்தில் ஏறி, வளைவு தாண்டிச் சத்தம் தேயும் வரை அதே இடத்தில் நின்று கேட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் புஷ்பபாய் வந்தாள். கழுவிக் கவிழ்த்த பேசின் பெஞ்சு மேல் இருந்தது.

“அந்த மீன்வண்டி சரியாச்சா?”

“ஆச்சு.”

“என்னவாக்கும் இருந்தது? எடுத்த சாதனம் எங்க?”

கனகதாஸ் சட்டையைக் கழற்றினார். பைக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு டீசல் கறை.

“வண்டியிலதான் இருக்கு,” என்றார். “அது அதுக்க எடத்துல இல்லாமக் கிடந்தது. எடம் மாத்தி வச்சுக் குடுத்தேன்.”